தியோதல்லேவி என்ற பெயரைத் தேடிப் போனபோது

எங்கள் மகள் பிறந்ததும் நிரப்ப வேண்டியிருந்த படிவத்தில்தான் என் கணவரின் குடும்பப் பெயரைப் பற்றிய இந்தத் தேடல் ஆரம்பித்தது. இத்தாலியில் குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரியிலேயே மூன்று நாளுக்குள் பதியலாம்; இல்லாவிட்டால் கொமூனே எனப்படும் ஊராட்சி அலுவலகத்தில் பத்து நாளுக்குள். முன்பெல்லாம் அப்பாவின் குடும்பப் பெயர் தானாகவே பிள்ளைக்குப் போய்விடும். 2022ல் இந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. இப்போது அப்பா, அம்மா இருவரின் குடும்பப் பெயரும் சேர்ந்தே வரும். இருவரும் ஒத்துக்கொண்டால் ஒன்றை மட்டும் வைக்கலாம்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது என் அப்பாவின் பெயர். இங்கே எதற்கெடுத்தாலும் கேட்கிற வரி அடையாள எண் கூட அதிலிருந்துதான் செய்யப்பட்டிருக்கிறது. குடும்பப் பெயரின் முதல் மூன்று மெய்யெழுத்துகள், அப்புறம் சொந்தப் பெயரின் எழுத்துகள், பிறந்த ஆண்டு, மாதம், நாள் (பெண் என்றால் நாளோடு 40ஐக் கூட்டிவிடுவார்கள்), பிறந்த இடத்தின் குறி. இந்தியாவில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் குறி இசட்222. ஆக, நான் இங்கே மருந்து வாங்கினாலும் அப்பா பெயரில்தான் வாங்குகிறேன். இதை விளக்கியதும் கவுண்டரில் இருந்த பெண் தலையாட்டிவிட்டு என் கணவரைப் பார்த்தார். "தியோதல்லேவி... அடிக்கடி கேட்கிற பெயர் இல்லையே. எந்தப் பக்கம்?" அவர் "மார்க்கே" என்றார். இத்தாலியின் கிழக்குக் கடற்கரைப் பக்கத்து மாநிலம். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது.

அவர் வீட்டில் இரண்டு கதைகள் ஓடிக்கொண்டிருந்தன. மாமனார் சொல்வது: நாம் ரிமினி நகரத்துப் பிரபு குடும்பத்தின் கிளை, மறுமலர்ச்சிக் காலத்துப் பெரிய ஓவியர் ரஃபேல் வரைந்த ஓவியமே நம் வீட்டில் இருந்தது. அவருடைய தங்கை, அதாவது என் கணவரின் அத்தை, இதைக் கேட்டாலே சிரிப்பார். "பிரபுவாவது! யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை. அதனால்தான் கடவுளே வளர்க்கட்டும் என்று பெயர் வைத்தார்கள்" என்பது அவர் கட்சி. பெயரின் பொருள் அதுதான். 'தியோ தி அல்லேவி' என்றால் கடவுள் உன்னை வளர்க்கட்டும். மூன்று சொல் ஒட்டி ஒரு பெயர்.

இரண்டு கதைக்கும் ஏதோ ஆதாரம் இருந்ததுதான் வேடிக்கை. ரஃபேல் தன் இளம் வயதில் வரைந்த மாதா ஓவியம் ஒன்றுக்கு 'மதோன்னா தியோதல்லேவி' என்றே பெயர். ரிமினியின் தியோதல்லேவி பிரபுவிடமிருந்து 1840களின் தொடக்கத்தில் பெர்லின் அருங்காட்சியகத்துக்காக வாங்கினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. ரஃபேல் பிறந்த உர்பீனோவும் கணவர் வீட்டு ஊரும் பக்கத்துப் பக்கம் வேறு. மாமனார் சும்மா விடுவாரா?

அத்தை பக்கமும் வலுதான். பெற்றோர் தெரியாத குழந்தைகளுக்குப் பெயர் சூட்டி அனுப்புவது இத்தாலியில் பல நூற்றாண்டுப் பழக்கம். நேப்பிள்ஸில் எஸ்போசித்தோ, 'வெளியே வைக்கப்பட்டவன்'. ரோமில் புரோயெத்தி, 'எறியப்பட்டவர்கள்'. மிலானில் அனாதைக் குழந்தைகளை ஏற்ற மருத்துவமனையின் சின்னம் புறா, அதனால் கொலொம்போ. ஃபுளோரன்ஸில் 1445ல் திறந்த இன்னொசெந்தி இல்லத்திலிருந்து வந்தவர்கள் இன்னொசெந்தி. இந்தப் பெயர்கள் ஆளைக் காட்டிக் கொடுத்ததால் பிற்காலத்தில் புதுப் பெயர்களாகக் கற்பனை செய்து வைத்தார்கள். எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோவின் தாத்தாவும் அப்படிக் கண்டெடுக்கப்பட்ட குழந்தைதான். எக்கோ என்பது 'வானத்திலிருந்து அளிக்கப்பட்டவன்' என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்துகளாக இருக்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்றைய இத்தாலியச் சட்டம் பெற்றோர் தெரியாத குழந்தைக்கு அந்த நிலையைக் காட்டும் பெயரையும் வைக்கக் கூடாது, அந்த ஊரில் பிரபலமான குடும்பத்தின் பெயரையும் வைக்கக் கூடாது என்கிறது.

சரி, யார் சொல்வது சரி என்று பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். பிரசவ விடுப்பு, தூங்காத குழந்தை, கையில் போன். வேறென்ன வேலை?

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்: குடும்பப் பெயரைத் தட்டினால் இத்தாலி வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும் தளங்கள். மூன்றரை லட்சம் குடும்பப் பெயர்கள் இருப்பதாகச் சொல்லப்படும் நாடு இது. ரோஸ்ஸி என்று போட்டால் வரைபடம் முழுக்கச் சிவந்துவிடும். தியோதல்லேவிக்கு மார்க்கேயிலும் அதை ஒட்டிய ரிமினிப் பக்கமும் கொஞ்சம், ரோமில் கொஞ்சம், மற்ற இடங்களில் சிதறல். பார்த்த உடனே, இதுதான் பிறந்த ஊர், இது கிளை என்று கோடு போடத் தோன்றும். ஆனால் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் பழைய தொலைபேசிப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. இருபதாம் நூற்றாண்டில் போன் வைத்திருந்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்று சொல்லும். அவர்கள் பாட்டன் எங்கே உழுதான் என்று சொல்லாது. மார்க்கே 1860 வரை போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்த பகுதி. அங்கிருந்து ஆட்கள் பருவ வேலைக்கு ரோமைச் சுற்றியுள்ள வயல்களுக்குப் போவது வழக்கம். ரோமில் இருக்கும் கொத்து அப்படிப் போய்த் தங்கியவர்களாக இருக்கலாம். அங்கேயே தனியாக முளைத்த பெயராகவும் இருக்கலாம்.

தனியாக முளைப்பது என்றால் என்ன என்று புரிந்தது அடுத்த படியில். போலோஞ்ஞா நூலகத்தில் குடும்பப் பெயர் அகராதிகளைப் புரட்டினேன். மொழியியலாளர்கள் கஃபரெல்லியும் மர்க்காத்தோவும் 2008ல் தொகுத்த இரண்டு கனத்த பாகங்கள்தான் எனக்கு மிகவும் உதவின. தியோதல்லேவி முதலில் குடும்பப் பெயரே அல்ல, ஆளின் பெயர். இடைக்கால இத்தாலியில் பிள்ளைக்கு வாழ்த்தையே பெயராக வைப்பார்கள். கடவுள் உன்னைக் காக்கட்டும் என்ற பொருளில் தியோத்திசால்வி. பீசா நகரத்து ஞானஸ்நான மண்டபத்தை 1152ல் கட்டத் தொடங்கிய கட்டடக் கலைஞரின் பெயர் அது. தியோத்திஃபேச்சி என்றால் கடவுள் உன்னைப் படைத்தார். தத்துவஞானி மர்சீலியோ ஃபிச்சீனோவின் அப்பா பெயர். குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம். கடவுளே, இதையாவது வளர்த்துக் கொடு என்று ஒரு தாய் வேண்டிக்கொண்டு வைத்தால் அது தியோதல்லேவி. அந்தப் பெயர் கொண்ட ஒருவருடைய பிள்ளைகள் 'தியோதல்லேவியின் மகன்' என்று அறியப்பட்டு, அதுவே நாளடைவில் நின்றுவிடும். ஒரே பெயர் பத்து ஊரில் பத்துப் பேருக்கு இருந்திருந்தால் பத்துக் குடும்பங்கள், ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லாமல். அதனால் அபூர்வமான பெயர் என்றதும் எல்லோரும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே பெயரின் பொருள் மாமனாரையும் ஆதரிக்கிறது, அத்தையையும் ஆதரிக்கிறது, இருவரையும் மறுக்கவும் செய்கிறது. இனி ஒரே வழி, ஆள் ஆளாகப் பின்னால் போவது.

1925ல் பிறந்த கணவரின் தாத்தாவிலிருந்து தொடங்கினேன். பிறப்புப் பதிவின் முழு நகலை அவர் பிறந்த கொமூனேயிடம் கேட்க வேண்டும். எழுபது ஆண்டு கடந்த பதிவு என்றால் உறவை நிரூபிக்கத் தேவையில்லை, யாரும் கேட்கலாம். கேட்கலாம் என்பது வேறு, கிடைப்பது வேறு. சாதாரண மின்னஞ்சல், பதிவுத் தபாலுக்குச் சமமான பெக் என்ற மின்னஞ்சல் இரண்டும் அனுப்பி, கடைசியில் போன் செய்தேன். எடுத்தவர், "சிஞ்ஞோரா, இங்கே நான் ஒருத்திதான். அடையாள அட்டையும் நான்தான், கல்யாணமும் நான்தான், சுடுகாடும் நான்தான்" என்றார். மறுபடி ஞாபகப்படுத்தியபோது எதுவும் பேசாமல் அனுப்பிவிட்டார்.

அதற்கு முந்தைய காலத்துக்கு அந்தெனாத்தி என்ற தளம் இருக்கிறது. அரசு ஆவணக் காப்பகங்கள் தங்களிடமுள்ள பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளைப் படம் எடுத்து இலவசமாகப் போட்டிருக்கின்றன. எல்லா ஊருக்கும் பெயர் போட்டுத் தேட முடியாது. மாவட்டம், ஊர், ஆண்டு என்று போய் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆண்டின் கடைசியில் பெயர் அட்டவணை இருக்கும். சில இடத்தில் பத்தாண்டுக்கு ஒன்று. முதலில் அட்டவணை, அப்புறம் பதிவு எண், அப்புறம் பக்கம். இந்த வரிசை பழகிவிட்டால் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே ஒரு தலைமுறையைத் தாண்டிவிடலாம்.

பதிவுகளைப் படிக்கச் சில சங்கதிகள் தெரிய வேண்டும். மாதத்தின் இடத்தில் 7 போட்டுப் பக்கத்தில் 'பிரே' என்று இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், பத்துக்கான ரோமன் எழுத்து இருந்தால் டிசம்பர். பழைய ரோமானியக் கணக்கில் வருஷம் மார்ச்சில் தொடங்கியதன் மிச்சம். இன்னொன்று, ஒருவர் பெயருக்கும் அவர் அப்பா பெயருக்கும் நடுவில் வரும் குட்டிச் சொல். 'தி' என்றால் அந்த அப்பா உயிரோடு இருக்கிறார். 'ஃபூ' என்றால் காலமாகிவிட்டார். ஒருவரின் முதல் பிள்ளை பதிவில் 'தி'யும் மூன்றாவது பிள்ளை பதிவில் 'ஃபூ'வும் இருந்தால், தாத்தாவின் சாவு இடைப்பட்ட காலத்தில். மேலே இருக்கிற நூற்றுக்கணக்கான இறப்புப் பதிவுகளைப் புரட்டாமல் நாலைந்து வருஷத்துக்குள் அமுக்கிவிடலாம்.

பெண்களைத் தேடுவது எதிர்பார்த்ததை விட எளிது. இத்தாலியில் கல்யாணமானாலும் பதிவேட்டில் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர்தான் எழுதுவார்கள். இங்கிலாந்துப் பதிவுகளில் கல்யாணத்தோடு பெண்கள் காணாமல் போய்விடுவது போல இங்கே ஆவதில்லை.

தொழில் என்ற இடத்தில் தலைமுறைக்குத் தலைமுறை ஒரே சொல்: கொலோனோ. நிலம் ஒருவருடையது, உழைப்பு இவர்களுடையது, விளைச்சலில் பாதி நிலக்காரனுக்கு. நம் ஊரில் வாரத்துக்கு உழுவது என்போமே, அதேதான். இங்கே அதற்கு மெத்ஸத்ரீயா என்று பெயர். 1964ல்தான் புதிதாக அப்படி ஒப்பந்தம் போடுவதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். வீட்டுத் தலைவன் வெர்காரோ, தலைவி வெர்காரா. பிரபு கதை இந்த இடத்திலேயே பாதி செத்துவிட்டது. மாமனாரிடம் சொன்னபோது, "இளைய மகன்களுக்குச் சொத்து கிடைக்காது, அவர்கள் உழத்தான் போவார்கள்" என்றார். அவர் ஓய்வு பெற்ற வக்கீல்.

1861க்குப் பின்னால் போனால் சட்டென்று சுவர். இது மார்க்கேயில் தேடுகிற எல்லோரும் முட்டிக்கொள்கிற சுவர். 1808ல் நெப்போலியன் இந்தப் பகுதியைத் தன் இத்தாலிய ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்டபோது அரசாங்கமே பிறப்பு இறப்பு பதியத் தொடங்கியது. அவன் விழுந்ததும் போப்பாண்டவர் ஆட்சி திரும்பியது. பதிவும் பழையபடி கோயிலுக்கே போய்விட்டது. 1860ல் கஸ்தெல்ஃபிதார்தோ சண்டையில் போப்பாண்டவரின் படை தோற்ற பிறகுதான் மீண்டும் அரசுப் பதிவு. இடையில் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்குப் பங்குக் கோயில் (அந்தந்த வட்டாரத்துச் சர்ச்) பதிவேடுகள் தவிர வேறு கதி இல்லை. தெற்கே நேப்பிள்ஸ் ராஜ்யத்துப் பக்கம் தேடுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அவர்களுக்கு 1809லிருந்து தொடர்ச்சியாக இருக்கிறது.

நெப்போலியன் காலத்துச் சின்னத் துண்டில் 1811ல் ஒரு தியோதல்லேவிக் குழந்தையின் பிறப்பு கிடைத்தது. அப்பா பெயரும் ஊரும் பொருந்தின. ஆனால் அவரையும், 1862ல் பிறந்த, கணவரின் தாத்தாவுக்குத் தாத்தாவையும் இணைக்க நடுவில் ஒருவர் வேண்டும்.

பங்குக் கோயிலுக்குப் போனோம். மெத்தௌரோ ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே மலைக்கிராமம். பாதிரியாருக்கு ஐந்து பங்குகள், ஞாயிறு மட்டும் வருவார். புத்தகங்களை எல்லாம் மறைமாவட்டக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லி, அங்கே இருப்பவருக்குத் தானே போன் போட்டு நேரம் வாங்கிக் கொடுத்தார். உங்களில் யாராவது இப்படித் தேடினால் முதலில் காப்பகத்தையே கேளுங்கள், மலையேறும் பெட்ரோல் மிச்சம். எங்களுக்குக் கிராமத்தைப் பார்த்தது லாபம்தான். அங்கே கல்லறைகளில் ஒட்டியிருந்த படங்களில் பாதிப் பேருக்கு அத்தையின் மூக்கு, பெயர்தான் வேறு.

காப்பகத்தில் கைப்பை வெளியே, பேனா கூடாது, பென்சில் மட்டும். ஒரு முறைக்கு இரண்டு புத்தகம். ஆட்டுத்தோல் அட்டை, உள்ளே பழுப்பு மை. சில இடத்தில் மையே காகிதத்தைத் தின்று எழுத்து வடிவத்தில் ஓட்டை விழுந்திருந்தது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய ட்ரெண்ட் திருச்சங்கம் 1563ல் முடிந்தபோது ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்று முடிவானது. 1614ல் சாவும், பங்கிலுள்ள ஆன்மாக்களின் பட்டியலும் சேர்ந்தன. இந்த ஆன்மாப் பட்டியல்தான் தங்கச் சுரங்கம். ஈஸ்டரை ஒட்டிப் பாதிரியார் வீடு வீடாகப் போய், எந்தப் பண்ணையில் யார் யார், என்ன வயது, யார் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள் என்று எழுதிக்கொள்வார். ஒரு வெர்காரோ, மனைவி, கல்யாணமான மூன்று மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், ஒரு கூலியாள் என்று ஒரே பக்கத்தில் கூட்டுக் குடும்பமே உட்கார்ந்திருக்கும். நடுவில் தொலைந்துபோன ஆள் அப்படி ஒரு பக்கத்தில்தான் அகப்பட்டார். வாரக்குடி மாறி அடுத்த பங்குக்குப் போயிருந்திருக்கிறார்கள். அதனால்தான் பழைய பங்கில் அவர் ஞானஸ்நானம் இல்லை.

ஒரு நேரக் குழப்பமும் வந்தது. பழைய பதிவுகளில் 'இரவு மூன்றாம் மணிக்குப் பிறந்தது' என்று இருக்கும். விடிகாலை மூன்று என்று நினைப்போம். அந்தக் கால இத்தாலியில் நாள் சூரியன் மறைந்ததும் முடிந்துவிடும். மணியை அங்கிருந்து எண்ணுவார்கள். ஆக, அது இரவு எட்டோ ஒன்பதோ பத்தோ, பருவத்தைப் பொறுத்து. இந்தப் பக்கம் நெப்போலியன் ஆட்கள் வந்துதான் இதை மாற்றத் தொடங்கினார்கள்.

இப்படிப் படி படியாக இறங்கி 1690கள் வரை போய்விட்டோம். அதுவரைக்கும் தியோதல்லேவிதான், சில சமயம் ஒரு 'எல்' குறைந்து தியோதலேவி. அதற்கு முன் பெயர் தள்ளாடுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதிப் பதிவு ஒன்றில், குழந்தையின் அப்பாவை இன்ன பண்ணையைச் சேர்ந்த 'ஜொவான்னி பத்தீஸ்தா தி தியோதல்லேவி' என்று எழுதியிருக்கிறது. அடுத்த பிள்ளையின் பதிவில் 'ஜொவான்னி பத்தீஸ்தா' என்பதோடு சரி, பண்ணைப் பெயர் மட்டும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான்: சொந்தப் பெயர், அப்பா பெயர், முடிந்தது. காப்பகத்தில் இருந்த பெரியவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்கே இது இன்னும் குடும்பப் பெயர் ஆகவில்லை என்று நினைக்கிறேன். இவருடைய அப்பா பெயராக இருக்கும், இல்லாவிட்டால் தாத்தா" என்றார். இன்னும் ஒரு புத்தகம் பின்னால் போயிருந்தால் உறுதியாகியிருக்கும். அது தண்ணீரில் ஊறிக் கட்டையாகிவிட்டது, பிரிக்க முடியாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. இனிஷியலை விரித்து எழுதி அதையே குடும்பப் பெயராக்கி இத்தாலிக்கு வந்தவள் நான். கணவரின் முன்னோரும் அதையேதான் செய்திருக்கிறார்கள், நானூறு வருஷம் முன்னால். மகளின் பெயரில் இப்போது இரண்டு அப்பாக்கள் இருக்கிறார்கள்.

கண்டெடுத்த குழந்தை கதை பொய்யா என்றால், அதுவும் இல்லை. 1862ல் பிறந்தவர் 1888ல் கல்யாணம் செய்துகொண்ட பதிவில், மணமகளின் பெற்றோர் என்ற இடத்தில் 'தெரியாதவர்கள்' என்று இருந்தது. கல்யாணப் பதிவோடு இணைத்த காகிதங்களில் அவளுடைய பிறப்பின் நகல்: பிறந்து சில மணி நேரமே ஆன பெண் குழந்தை, அனாதைக் குழந்தைகள் இல்லத்தின் சுவரில் சுழலும் மரப்பெட்டியில் வைக்கப்பட்டது, வெள்ளைத் துணி, கழுத்தில் நூலில் கட்டிய பாதி மெடல். இன்னொரு பாதி அம்மாவிடம் இருக்கும், ஒருநாள் திரும்பி வந்தால் பொருத்திப் பார்க்க. ஃபுளோரன்ஸ் இன்னொசெந்தி அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட பாதி மெடல்களையும் உடைந்த மணிகளையும் சின்ன இழுப்பறைகளில் வைத்திருக்கிறார்கள், போனால் பாருங்கள். அந்த மரப்பெட்டிகளை 1860களிலிருந்தே ஊர் ஊராக மூட ஆரம்பித்துவிட்டார்கள். நேப்பிள்ஸில் 1875ல் மூடினார்கள்.

அவளுக்கு அதிகாரி சூட்டிய குடும்பப் பெயரை இங்கே எழுதவில்லை. வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன், நாட்டில் ஒருவர் கூட இல்லை. உண்மையான அபூர்வப் பெயர் என்றால் அதுதான். அவளோடு வந்து அவளோடு போய்விட்டது.

ஆக, அத்தையின் கதை சரி, ஆள்தான் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்த மருமகளின் கதையைப் பெயரின் பொருள் பிடித்து இழுத்து ஆண் வழியில் ஒட்டிவிட்டிருக்கிறது. அத்தையிடம் நகலைக் காட்டினேன். அவர் அப்பாவின் பாட்டி அது. வெகு நேரம் படித்துவிட்டு, "அந்த மெடல் எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்டார். மாமனார் இன்னும் ரஃபேலை விடவில்லை, ரிமினி நோட்டரிகளின் பழைய பத்திரங்களைத் தானே பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போகட்டும்.

குழந்தைகள் இல்லத்தின் உள்வரவுப் பதிவேடு அரசுக் காப்பகத்தின் கிளையில் இருக்கிறதாம். யார் பால் கொடுக்க எடுத்துப் போனார்கள், மாதம் எவ்வளவு கொடுத்தார்கள், அம்மா யாராவது தேடி வந்தாளா என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருப்பார்கள். விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அத்தையும் வருகிறேன் என்கிறார்.